பட்டறைக்குத் தனிப் பெட்டி

11 ஆகஸ்ட் 1962, சனி

இரும்பு கடையும் லேத்தை வண்டியிலிருந்து இறக்கியாகிவிட்டது. மாட்டுக் கொட்டமாக இருந்த இடம் இனிமேல் பட்டறை. மதுரையில் ஒருவர் தொழிலை மூடியதால் அவருடைய லேத்தும் பழைய மோட்டாரும் என் கைக்கு வந்தன. சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கிணற்றுக்குப் பம்ப்செட் வைக்கிறார்கள். ஒன்று படுத்தால் ராமநாதபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். இங்கே நான் ஒருவன் இருக்கும்போது எதற்கு ஓட வேண்டும்? மிளகாய்க் கொல்லையையே பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது.

வீட்டு மெயினிலிருந்து நேராக மோட்டாருக்கு வயர் இழுக்கக் கூடாது என்கிறார் ஜெய்னுலாபுதீன் பாய். ராமநாதபுரத்தில் வயரிங் வேலை செய்பவர், கொழும்பில் வெகுகாலம் இருந்தவர். "பட்டறைக்குன்னு தனிப் பெட்டி வைங்க தம்பி. அங்கன மோட்டாரு திணறுனா அங்கனயே ப்யூஸு போகட்டும். வீட்டு வெளக்கு எதுக்கு அணையணும்?"

சரி. எந்தப் பெட்டி?

14 ஆகஸ்ட், செவ்வாய்

இரண்டு நாளாக இதே யோசனை. தேக்குப் பலகையில் பீங்கான் ப்யூஸ் பொருத்துவது ஒரு வழி. பக்கத்தில் கைப்பிடி வைத்த இரும்புப் பெட்டி இன்னொரு வழி. ப்யூஸ் கம்பியே இல்லாமல், பாரம் கூடினால் தானாக விழுந்துவிடும் பிரேக்கர் என்று ஒன்று உண்டு. மண்டபம் ஊரில் ஒரு முறை பார்த்தேன், கண்ணை எடுக்க மனமில்லை. "அது கப்பல்ல வர்ற சாமான். ஆசைப்படாதீக," என்றார் பாய்.

உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். பலகையைக் கரையான் தின்னும். எதை எடுத்தாலும் ஒன்று தின்னத்தான் போகிறது. பலகையே போதும் என்று முடிவு செய்தேன்.

18 ஆகஸ்ட், சனி

எர்த் குழி வெட்டினோம். பாயும் நானும்தான். வேலைக்காரர் யாரையும் கூப்பிடவில்லை.

ஆழமாகத் தோண்டி, ஒரு செப்புத் தகட்டை நிறுத்தி, சுற்றிலும் அடுப்புக்கரியும் கல்லுப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினோம். மோட்டாரில் கரண்ட் கசிந்து இரும்பில் ஏறினால், அது மனிதன் உடம்பைத் தேடாமல் இந்தத் தகடு வழியாக மண்ணுக்குள் போய்விடும். போகிற வேகத்தில் ப்யூஸ் எரிந்து நமக்கும் சொல்லிவிடும். தகட்டிலிருந்து வரும் கம்பியைப் பாய் பட்டறைச் சன்னலின் இரும்புக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே கொண்டுபோய் மோட்டாரோடு முடுக்கினார். தகட்டை இறக்குமுன் பிஸ்மில்லா சொல்லி, ஆணியால் அதில் அரபியில் ஏதோ கீறினார். அவர் வழக்கம்.

ராமலெட்சுமி கமுதியில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். மசக்கை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வீட்டு எல்லையில் குழி வெட்டக் கூடாது என்பார்கள். மூத்தவள் பூமயில் காய்ச்சலில் போன பிறகு அவளுக்கு எதைக் கண்டாலும் பயம். மூன்று வயதுப் பிள்ளையைக் கொடுத்துவிட்டவளிடம் பயப்படாதே என்று எந்த வாயால் சொல்வது? அதனால் குழியைப் பற்றிச் சொல்லப் போவதில்லை. மேலே சாணி போட்டு மெழுகிவிட்டேன், பார்த்தால் தெரியாது.

2 செப்டம்பர், ஞாயிறு

கரண்ட் வந்துவிட்டது. லேத் ஓடியது. சோணைமுத்து — எங்கள் கொல்லையில் வேலை பார்ப்பவன் — வாசலில் நின்று, "இரும்ப வெண்ணெய் மாதிரியில்ல சீவுது," என்றான். எனக்கு ஒரே சிரிப்பு. இவ்வளவு சந்தோஷமாக இருந்து ரொம்ப நாளாகிறது.

9 செப்டம்பர், ஞாயிறு

ராமலெட்சுமி வந்துவிட்டாள். முகம் தெளிந்திருக்கிறது. பட்டறையைக் காட்டலாம் என்று மோட்டாரைப் போட்டேன். கொஞ்ச நேரம் ஓடியதும் டப்பென்று ப்யூஸ் போனது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

13 செப்டம்பர், வியாழன்

இன்றும் போனது.

20 செப்டம்பர், வியாழன்

மறுபடியும். சூடேறும் வரை ஓடுகிறது, அப்புறம் டப். கம்பி மாற்றி மாற்றி விரலெல்லாம் புண்.

ராமலெட்சுமி சொல்கிறாள்: "அந்தச் சத்தம் கேக்குறப்பல்லாம் பிள்ளை உள்ள அசையாம நின்னுருது. இந்த எடத்துக்கு இது புடிக்கலைங்க." இடத்துக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது? கோபமாக ஏதோ சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. அதுதான் உறுத்துகிறது.

28 செப்டம்பர், வெள்ளி

பாயிடம் கேட்டேன். "ப்யூஸு போறது நல்லதுக்கு. மோட்டாரக் கழட்டி உள்ள பாருங்க," என்கிறார். பிரித்துப் பார்த்தேன். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. குறை பலகையில்தான். ஈரக்காற்றில் ஊதி, பீங்கான் பிடி தளர்ந்திருக்கிறது. இரும்புப் பெட்டியே வாங்கியிருக்க வேண்டும்.

3 அக்டோபர், புதன்

மதுரையில் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் பெட்டியின் கைப்பிடியைத் தூக்கிப் போட்டுக் காட்டினார். அந்தச் சத்தமே ஒரு தைரியம். "உப்புக்காத்து ஊருன்னா ரெண்டு கை பெயின்ட் அடிச்சிருங்க, பிள்ளைக்குட்டி காலம் வரைக்கும் கெடக்கும்," என்றார். மூடி திறந்திருந்தால் சுவிட்ச் ஏறாது. சுவிட்ச் ஏறியிருந்தால் மூடி திறக்காது. இப்படி யோசித்துச் செய்தவன் யாராக இருந்தாலும் அவன் கால் தூசியைத் தலையில் வைத்துக்கொள்ளலாம். வாங்கிவிட்டேன்.

5 அக்டோபர், வெள்ளி

வீடு வந்தேன். பட்டறை ஓரமெல்லாம் புதிதாகச் சாணி மெழுகியிருக்கிறது. வாசலில் நறுக்கிப் போட்ட எலுமிச்சம்பழம், குங்குமம். மைத்துனர் இருளாண்டி கமுதியிலிருந்து வந்திருந்தார். "ஒண்ணுமில்ல மாப்ள. தங்கச்சி மனசு சரியில்லன்னுச்சு. கோடாங்கியக் கூட்டியாந்து ஒரு கழிப்புக் கழிச்சோம்," என்றார். நான் இல்லாத நாளாகப் பார்த்து உடுக்கை அடித்திருக்கிறார்கள். கேலி செய்ய வாயெடுத்தேன். ராமலெட்சுமியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அப்படி ஒரு நிம்மதி.

8 அக்டோபர், திங்கள்

பெட்டியை மாட்டினேன். மோட்டாரை நிறுத்தாமல் வெகுநேரம் ஓட்டினேன். ப்யூஸ் அசையவில்லை.

15 அக்டோபர், திங்கள்

ஒரு முறைகூடப் போகவில்லை! பாய் வந்தால் பெட்டியைத் தட்டிக் காட்ட வேண்டும். ராமலெட்சுமி கோடாங்கி செய்தது என்கிறாள், நான் பெட்டி செய்தது என்கிறேன். யார் செய்தால் என்ன, வீடு அமைதியாக இருக்கிறது.

22 அக்டோபர், திங்கள்

மழை பிடித்துக்கொண்டது. சோணைமுத்து பட்டறைப் பக்கம் வர மாட்டேன் என்கிறான். ஏன் என்று கேட்டால், "அந்தச் சன்னலு கையப் புடிக்குதுங்க," என்கிறான். கையைப் பிடிக்கிறதாம்! ராத்திரி குடித்த திருட்டுக் கள்ளாக இருக்கும் என்றேன். அவன் சிரிக்கவில்லை.

27 அக்டோபர், சனி

தீபாவளி. பலகாரம் செய்யவில்லை. பூமயிலுக்கு வைத்திருந்த சின்னப் பாவாடையை ராமலெட்சுமி துவைத்து, பட்டறைச் சன்னலிலிருந்து பூவரச மரத்துக்குக் கட்டிய கம்பிக்கொடியில் காயப்போட்டிருந்தாள். வருஷா வருஷம் துவைக்கிறாள். நான் பார்க்காதது மாதிரி உள்ளே போய்விட்டேன்.

2 நவம்பர், வெள்ளி

ஒன்று கவனித்தேன். நான் பட்டறையில் வேலை செய்யும்போதுதான் ராமலெட்சுமி துணி காயப்போட வருகிறாள். மழைத் தூறலிலும் வருகிறாள். என் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது போலும். லேத்திலிருந்து பார்த்தால் அவள் முதுகு தெரியும். கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் ஏதோ பாட்டு முனகக் கேட்டேன்.

7 நவம்பர், புதன்

செருப்பைக் கழற்றிவிட்டு, லேத்துக்கு முன்னால் நான் ஏறி நிற்கும் மரப் பலகையை விட்டு இறங்கி, சன்னலை மூடப் போனேன். விரல் நுனியில் ஏதோ ஊர்ந்தது. எறும்பு என்று நினைத்து உதறினேன். எறும்பு இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்தேன் — எல்லாம் சரி. கம்பி அங்கேயே சுற்றியிருக்கிறது, எர்த் போட்டிருக்கிறது, கசிய வழியே இல்லை. பிறகு எது ஊர்ந்தது? ஈரக்கை, குளிர். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

13 நவம்பர், செவ்வாய்

எங்கள் ஆடு செத்துப்போனது. மழைக்கு ஒதுங்கட்டும் என்று யாரோ அதைச் சங்கிலியோடு பட்டறைச் சன்னலில் கட்டியிருக்கிறார்கள். நான் உள்ளேதான் வேலையாக இருந்தேன். ஒரு கத்தல்கூடக் கேட்கவில்லை. வெளியே வந்தால் நாலு காலையும் நீட்டிக் கிடக்கிறது, கண் திறந்தபடி. உடம்பில் கடிவாய் இல்லை. பாம்பாக இருக்கும் என்று சோணைமுத்துவும் நானும் தடி எடுத்துத் தேடினோம்.

ராமலெட்சுமி வந்து பார்த்தாள். ஆட்டைப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்தாள். அப்புறம் கொடியைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

17 நவம்பர், சனி

எழுதிவிட வேண்டும்.

லேத் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே தூறல். ராமலெட்சுமி கொடிப்பக்கம் வந்தாள். கையில் துணியே இல்லை. வெறுங்காலோடு சேற்றில் நின்று, முந்தானையில் கையை நனைத்து, இடது கைச் சுண்டுவிரலை மட்டும் நீட்டிக் கம்பியில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன். பூமயில் இருந்தபோது பார்த்தது.

சன்னல் வழியாகக் கேட்டேன், என்ன செய்கிறாய் என்று.

"சத்தம் போடாதீக," என்றாள். கண்ணைத் திறக்கவில்லை. "விரலப் புடிச்சிருக்கா."

துணி காயப்போடும்போதெல்லாம் பூமயில் அவள் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்துக்கொண்டே நிற்பாள். ஒரு கையால் எப்படிடி உலத்துறது என்று இவள் திட்டுவாள். அதெல்லாம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. எனக்கும் மகள்தான்.

நான் செருப்பில்லாமல் ஓடி வந்து கம்பியைத் தொட்டேன். தொட்டேன் — சின்ன, விடாத இழுப்பு. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நானும் நம்பினேன். கையை எடுக்கத் தோன்றவில்லை. அப்புறம்தான் செத்த ஆட்டின் கண் நினைவுக்கு வந்தது. அவளைத் தோளைப் பிடித்து இழுத்துத் தள்ளினேன், வயிற்றுப் பிள்ளைக்காரி என்றும் பார்க்காமல். ஓடிப்போய் மெயினை இறக்கினேன்.

லேத் நின்றதும் அவள் கேட்ட கேள்வி: "ஏன் அனுப்பிட்டீக?"

18 நவம்பர், ஞாயிறு

பாய் வந்தார். மோட்டாருக்கும் சன்னலுக்கும் இடையில் உள்ள கம்பியை இழுத்துப் பார்த்தார், உறுதியாக இருந்தது. "அப்பக் குழியிலதான் கோளாறு," என்று வெளியே வந்து கடப்பாரையை ஊன்றினார். முதல் குத்திலேயே அது பாதிவரை இறங்கியது. மண் பொதபொதவென்று இருந்தது. தோண்டினோம். தகடு இல்லை. கரி இல்லை, உப்பு இல்லை. சுவரோரம் வெட்டுப்பட்ட கம்பி நுனி மட்டும் நின்றது.

பாய் என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். புதைத்தது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

ராமலெட்சுமி பின்னால் வந்து நின்றாள். "அத ஏன் தேடுறீக? அண்ணனும் கோடாங்கியும் அன்னிக்கே எடுத்துட்டாக," என்றாள். கோடாங்கி உடுக்கை அடித்துக்கொண்டே வந்து, சாணித்தடம் வித்தியாசமாக இருந்த இடத்தில் நின்றாராம். தோண்டினால் கரி, உப்பு, செப்புத் தகடு, தகட்டில் புரியாத எழுத்து, அதைக் கட்டிய கம்பி. "செய்வினைத் தகடு. எவனோ பிள்ளைய அமுக்க வச்சிருக்கான்," என்று கோடாங்கி சொல்லவும் கம்பியை அரிவாளால் வெட்டி, கொண்டுபோய்ச் சேதுக்கரையில் கடலில் போட்டுவிட்டார்கள். நான் திட்டுவேன் என்று என்னிடம் சொல்லவில்லை.

நான் அவளிடம் சொல்லாமல் புதைத்தேன். அவள் என்னிடம் சொல்லாமல் எடுத்தாள். யாரைத் திட்டுவது?

பாய் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "அல்லா! ப்யூஸு போகாம இருந்ததுக்கு நீங்க பெட்டியக் கும்பிட்டீக. கசிஞ்ச கரண்டுக்கு மண்ணுக்குள்ள போக வழியில்ல, அதான் ப்யூஸு போகல. எர்த் கம்பி வழியாச் சன்னலுக்கு வந்து, சன்னல்ல இருந்து கொடிக்கு வந்துருக்கு." மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளில், அந்தக் காயிலில், எங்கோ நடுவில் தோல் உரிந்திருக்க வேண்டும் என்றார்; முழுக் கரண்டும் வராததால்தான் அவள் உயிரோடு இருக்கிறாள். இன்னும் ரெண்டு நாள் மழை பெய்திருந்தால் —

அதை எழுத மாட்டேன்.

பலகை, இரும்புப் பெட்டி, கப்பலில் வரும் பிரேக்கர். எதை வாங்கியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். நான் பெட்டியை மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன்.

19 நவம்பர், திங்கள்

புதுத் தகடு இறக்கினோம். இந்தத் தடவை ராமலெட்சுமியைப் பக்கத்தில் நிறுத்தி, கரி எதற்கு, உப்பு எதற்கு என்று எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். மோட்டாரைப் போட்டதும் டப்பென்று ப்யூஸ் போனது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன், வெட்கமில்லாமல். மோட்டாரைக் கழற்றி மதுரைக்குக் காயில் கட்ட அனுப்பிவிட்டோம்.

பாய் போன பிறகு அவளிடம் சொன்னேன்: அது கரண்ட், பூமயில் இல்லை.

"கரண்டுன்னு தெரியும்," என்றாள். "ஆடு செத்தன்னைக்கே தெரியும்."

தெரிந்துமா கை வைத்தாய் என்றேன். வயிற்றில் ஒன்று இருக்கிறதே, அதை நினைத்தாயா என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அவ காத்துல வந்தா நமக்குத் தெரியவா போகுது? கரண்டுல வந்ததால தெரிஞ்சுச்சு," என்றாள். அப்புறம் அரிசி களையப் போய்விட்டாள்.

25 நவம்பர், ஞாயிறு

இருளாண்டி வந்து அவளைக் கமுதிக்குப் பேறுகாலத்துக்கு அழைத்துப் போனார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாவம், அவர் நல்லதுக்குத்தான் செய்தார். வண்டி புறப்படும்போது ராமலெட்சுமி திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

16 ஜனவரி 1963, புதன்

பெண் குழந்தை. இரண்டு உயிரும் சுகம். செய்தி கேட்டதும் இருந்த உடுப்போடு கமுதிக்கு ஓடினேன்.

வீடு நிறையச் சனம். எல்லோரும் ஒரே பேச்சு — போனவளே வந்துட்டா, அதே மூக்கு, அதே நெத்தி, பூமயில்னே கூப்பிடுங்க. எனக்கும் அப்படி நம்ப ஆசையாக இருந்தது. இருளாண்டி குழந்தையின் காதருகே குனிந்தார், அந்தப் பெயரைச் சொல்ல.

"இவ வேற," என்றாள் ராமலெட்சுமி படுத்தபடியே. "அவ பேர இவளுக்கு வைக்காதீக. அவளக் கூப்பிட அந்தப் பேரு வேணும்."

இருளாண்டி நிமிர்ந்துவிட்டார். உமையாள் என்று வைத்திருக்கிறோம்.

7 ஏப்ரல், ஞாயிறு

தாயும் பிள்ளையும் வீடு வந்தார்கள். உமையாள் விளக்கைப் பார்த்துச் சிரிக்கிறாள். ராமலெட்சுமி நன்றாகச் சாப்பிடுகிறாள், பேசுகிறாள், என்னை ஏசக்கூட ஏசுகிறாள். கம்பிக்கொடியை அவிழ்த்துவிட்டுக் கயிறு கட்டியிருப்பதைப் பார்த்தாள். பிள்ளைத் துணியை அதில் உலர்த்திவிட்டுப் போனாள். நான்தான் எதையோ எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறேன். எல்லாம் சரியாகிவிட்டது.

18 ஏப்ரல், வியாழன்

பம்ப்செட் வேலை குவிந்திருக்கிறது. இன்று மத்தியானம் லேத்தில் நின்றேன். மோட்டார் புதுக் காயிலோடு பூப்போல ஓடுகிறது.

ராமலெட்சுமி பட்டறைக்குள் வந்தாள். பிள்ளையைத் தூக்கி வரவில்லை. தரை, சன்னல், பெட்டி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சாப்பிடக் கூப்பிட வந்தாளாக்கும் என்று நினைத்தேன். மோட்டாரின் பக்கத்தில் போய் நின்று, தலையைச் சாய்த்து, சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் நிறுத்துங்க," என்றாள். நிறுத்தினேன். பெல்ட் ஓடி ஓய்ந்தது. வெளியே காற்றுகூட இல்லை.

"இப்பச் சொல்லு," என்றாள், இடது கைச் சுண்டுவிரலை நீட்டியபடி.

என்ன சொல்ல வேண்டும் என்று கேட்க வாயைத் திறந்தேன். அப்புறம்தான் உறைத்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னிடம் "சொல்லு" என்று சொன்னதே இல்லை.